மாமியார் பல்டி அடிக்கமாட்டாள்

6 பிப்ரவரி

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். அண்ணனுக்கு இடுப்பு வலி குறைந்ததா? பஸ் ஓட்டுகிற எல்லோருக்கும் அது வரும் என்று எங்கள் மல்யுத்தக் குழுவின் ஓட்டுநரும் சொல்கிறார். நான் நலம், இடது முழங்காலைத் தவிர.

நீங்கள் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக்கடை முகவரிக்கு எழுதுகிறேன். வீட்டுக்கு வந்தால் அம்மா உறையை விளக்கில் பிடித்துப் பார்ப்பாள். போனில் என்றால் நீங்கள் "ம்", "சரி", "ஆமா" என்கிறீர்கள். பக்கத்தில் அவள் நிற்கிறாள் என்று புரிந்துகொண்டு நானும் வைத்துவிடுகிறேன்.

எனக்கு வேஷம் கிடைத்துவிட்டது.

இத்தனை வருடம் நான் யாரிடமாவது தோற்கிறவள். பெயர்கூடச் சொல்லாமல் ரிங்குக்குள் அனுப்புவார்கள். போன வாரம் கதைக்காரர் கூப்பிட்டார். கதைக்காரர் என்றால் எங்கள் குழுவில் யார் ஜெயிப்பது, யார் அழுவது, யார் எந்த வாரம் துரோகம் செய்வது என்று தீர்மானிக்கிறவர். மல்யுத்தம் பொய்தானே என்று நீங்கள் ஒருமுறை கேட்டீர்கள். முடிவு பொய். விழுவது நிஜம்.

அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "உன்னைப் பார்த்தாலே ஏதோ தப்பு பண்ணிட்டோம்னு தோணுது. இவ்வளவு நாளா இதை வீணடிச்சிருக்கேனே" என்றார்.

இனி நான் "மாமியார்". இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி "மருமகள்". அவளை நான் வாராவாரம் படுத்தவேண்டும். அவள் அழவேண்டும். ஆகஸ்டில் என்னை ஜெயிப்பாள். எனக்கு உடை: பூப்போட்ட நைட்டி, இடுப்பில் சாவிக்கொத்து, உள்ளே முழங்கால் உறை. முப்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை. நேராக மாமியார் ஆகிவிட்டேன், அண்ணி.

பல்டியைப் பற்றிக் கேட்டேன். உங்களுக்குச் சொன்னதில்லை. மூலைக் கம்பத்தின் உச்சியில், கூட்டத்தைப் பார்த்து, ரிங்குக்கு முதுகு காட்டி நிற்கவேண்டும். குதித்து, பின்பக்கமாக ஒரு முழுச் சுற்று. கீழே படுத்திருப்பவள்மேல் நம் வயிறு படும்படி இறங்கவேண்டும். மூன்று வருடம் அதற்காகவே விடியலில் எழுந்தேன். குழுவில் அதை என்னைவிடச் சுத்தமாகச் செய்ய ஆளில்லை. பார்த்திருப்பது பயிற்சிக்கூடத்தின் சுவர்கள் மட்டும்.

"மாமியார் பல்டி அடிக்கமாட்டா" என்றார்.

"ஏன்?"

"நீ பறந்தா கைதட்டுவாங்க. கைதட்டு மருமகளுக்கு. உனக்குக் கூச்சல். ரெண்டும் கலந்தா வியாபாரம் கெட்டுப்போகும்."

சரி என்று சொல்லிவிட்டேன். அறைக்கு வந்து சுவரை உதைத்தேன். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரு உதவி. மாமியாராக நடிக்க எனக்குத் தெரிந்த மாமியார் ஒருத்திதான், அவளும் எனக்கு அம்மா. வீட்டைவிட்டு வந்து ஏழு வருடத்தில் பாதி மறந்துபோயிற்று. உங்களுக்கோ தினமும் காட்சி. அவள் எப்படி நிற்கிறாள், எப்படிப் பார்க்கிறாள், என்ன சொல்கிறாள். எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாத்தனார்


15 பிப்ரவரி

அன்பு நாத்தனாருக்கு,

நாங்கள் மூவரும் சுகம். உன் அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டே சுகமாக இருக்கிறார். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? கேட்டால் "ஆமாம்" என்பாய் என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

கடிதத்தைக் கடையில் லென்ஸ் தேய்க்கிற இயந்திரத்தின் சத்தத்தில் படித்தேன். நான் சிரித்தது யாருக்கும் கேட்கவில்லை. இத்தனை வருடம் நான் பட்டதற்கெல்லாம் ஒரு உபயோகம் வரும் என்று யார் நினைத்தார்கள்!

குறித்துக்கொள். ரிங்குக்குள் போனதும் சண்டை போடாதே. முதலில் கயிற்றின்மேல் ஒரு விரலை வைத்து நீளமாக இழு. விரலைத் திருப்பிப் பார். தூசி. யாரிடமும் எதுவும் சொல்லாதே. அந்த விரலை மருமகளுக்குக் காட்டு, அவ்வளவுதான்.

அடுத்து, முடியை அவிழ்த்து உதறி மறுபடி முடிவது. அத்தை முடியை அவிழ்த்தால் நான் அடுப்பைக் குறைத்துவிடுவேன். நேரமாகும் என்று தெரியும்.

வசனம் என்று கேட்டால் ஒன்றுதான் தலையாயது: "நான் எதுவும் சொல்லலை." இதைச் சொல்லிவிட்டுத்தான் முக்கால் மணிநேரம் சொல்வார். நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினால், "எனக்கென்ன, நான் யாரு" என்பார்.

நேற்று நான் வாங்கிவந்த துடைப்பத்தைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது வீட்டைப் பெருக்கவா, வீட்டுக்குச் சொல்லவா?" என்றார். எனக்கு இன்னும் பொருள் புரியவில்லை. ஆனால் காலையிலிருந்து குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

சனிக்கிழமை உங்கள் நிகழ்ச்சி தொடங்கியதும் அத்தை எழுந்து கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் போய்விடுகிறார். "அந்தக் கண்றாவியை நீங்களே பாருங்க." நாங்களே பார்க்கிறோம். ஆகவே பயப்படாமல் செய்.

வேளைக்குச் சாப்பிடு. மற்றவை உன் பதில் கண்டு.

அன்புடன்
அண்ணி


2 மார்ச்

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் சுகம்தானே? இங்கே ஊர் மாறி ஊர். எல்லா ஊரிலும் ஒரே அறை: ஒரு கட்டில், ஒரு கண்ணாடி, அடைத்துக்கொண்ட குழாய். உடம்பு பரவாயில்லை.

விரல் வேலை செய்துவிட்டது. கயிற்றில் இழுத்து, திருப்பிப் பார்த்து, காட்டினேன். மூவாயிரம் பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, "நீ உருப்படுவியாடி!" என்றார். பக்கத்திலிருந்த அவர் மனைவி அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவளும் யாருக்கோ மாமியாராக இருக்கவேண்டும்.

ஆட்டத்தை முடிக்கிற அடியைக் கண்டுபிடித்துவிட்டேன். காது திருகல். மருமகளின் காதைப் பிடித்து ரிங்கை ஒரு சுற்று இழுத்துக்கொண்டு போய் மண்டியிட வைப்பது. பார்க்கத்தான் வலிக்கும். விரல் காதுக்குப் பின்னால் இருக்கும், காதில் இருக்காது. ஒரு வசதி: என் வாய் அவள் காதருகே வந்துவிடுகிறது. அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று அங்கேதான் சொல்வேன். கூட்டம் நான் திட்டுகிறேன் என்று நினைக்கிறது. நான் "இடது பக்கம் விழு, தலையை உள்ளே வை" என்கிறேன். அவள் அழுதுகொண்டே "சரிக்கா" என்கிறாள்.

நல்ல பெண். காலையில் யாரும் வருமுன் என்னோடு பயிற்சிக்கூடத்துக்கு வருகிறாள். பலகைமேல் மெத்தை, மெத்தைமேல் கித்தான். அவள் படுத்துக்கொள்வாள். நான் கம்பத்திலிருந்து பல்டி அடிப்பேன். தனியாகச் செய்கிற காரியமில்லை இது. கீழே இருப்பவள் சரியான தூரத்தில் படுத்து, கடைசி நொடியில் கையை உயர்த்தி என் தோளை வாங்கிக்கொள்ளவேண்டும். அவள் வாங்கிக்கொள்கிறாள். எழுந்ததும், "அக்கா, இதையா வேணாங்கிறாரு? அந்த ஆளுக்கு மூளை கழண்டுபோச்சா?" என்கிறாள்.

அப்புறம் இருவரும் துடைத்துக்கொண்டு போய், மாலையில் காதைத் திருகுகிறோம்.

இன்னும் வசனம் வேண்டும், அண்ணி. வாயைத் திறந்து அவள் சொன்னது, அப்படியே. என் சொந்தச் சரக்கு எடுபடவில்லை.

கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் வேலை பாருங்கள்.

நாத்தனார்


20 மார்ச்

அன்பு நாத்தனாருக்கு,

பதில் தாமதம். சில நாள் கடைக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை. இப்போது பரவாயில்லை. உன் அண்ணனும் அத்தையும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்?

வசனம் கேட்டாய். போன வாரம் ஒன்று கிடைத்தது. நான் அடுப்படியில் நின்றிருந்தேன். அத்தை பாத்திரத்தை இறக்கிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "அழுதுட்டே நின்னா அடுப்பு தானா அணைஞ்சிடாது" என்றார்.

நன்றாக இருக்கிறது அல்லவா? எதற்கு அழுதாய் என்று கேட்காதே. வெங்காயம் என்று வைத்துக்கொள்.

கடையில் ஒரு வாரத்து லென்ஸ் குவிந்து கிடக்கிறது. இன்னும் எழுத நேரமில்லை.

நலமாக இரு.

அண்ணி


9 ஏப்ரல்

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்பு முழுக்கத் தேறிவிட்டதா? என்ன காய்ச்சல் என்று நீங்கள் எழுதவில்லை. நான் சுகம். முழங்கால் வீங்கினால் வீங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வசனம்!

சனிக்கிழமை மருமகளை மண்டியிட வைத்தேன். அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடி அழுதாள். சொன்னபடி அழுவதில் கெட்டிக்காரி. நான் நைட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒலிபெருக்கியை வாங்கி, அவள் பக்கம் பார்க்காமல் சொன்னேன்: "அழுதுட்டே நின்னா அடுப்பு தானா அணைஞ்சிடாது!"

கூரை பிய்ந்துபோகிற கூச்சல். காகிதக் கோப்பை, தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு. காவல்காரர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு வெளியே கூட்டிப்போனார்கள். கதைக்காரர் வாசலில் நின்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மறுநாளே பனியனில் அச்சடித்துவிட்டார்கள்.

நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று பல்டியைக் கேட்டேன்.

"பனியன் வந்தாச்சும்மா. இனி பல்டியா? ஆளைப் பாரு."

நன்றாகச் செய்தால் விடுவார்கள் என்று நினைத்தேன். நன்றாகச் செய்தால் விடமாட்டார்கள். இதை எழுதும்போது காகிதம் கிழிகிறது, பேனாவை அழுத்துகிறேன்.

அடுத்த வசனம் அனுப்புங்கள். சீக்கிரம்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நாத்தனார்


7 மே

அண்ணிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் ஆகவேண்டும், ஏனென்றால் உண்மையிலேயே தெரியவில்லை. ஒரு மாதமாகப் பதில் இல்லை. போன் செய்தேன். "ம்", "சரி", "ஆமா". இந்த முறை பின்னால் அம்மாவின் குரல் கேட்கவே இல்லை. அவள் இல்லாதபோதும் ஏன் "ம்"?

ஒரே வசனத்தை நான்கு வாரம் சொல்லிவிட்டேன். பல்டியும் இல்லை, வசனமும் இல்லை என்றால் நைட்டியை மாட்டிக்கொண்டு எதற்கு நிற்கிறேன்?

இரண்டு வரியாவது எழுதுங்கள்.

நாத்தனார்


25 மே

அன்பு நாத்தனாருக்கு,

இங்கு அனைவரும் நலம். அத்தை நலம். உன் அண்ணன் நலம். நானும் நலம். உன் நலத்துக்கு எப்போதும் வேண்டிக்கொள்கிறோம்.

கேட்ட வசனங்கள்:

"மருமகள் என்பவள் வீட்டுக்கு விளக்காக இருக்கவேண்டும், நெருப்பாக இருக்கக்கூடாது."

"என் மகனை வளர்த்தது நான், அதை நீ மறந்துவிடாதே."

போதும் என்று நினைக்கிறேன். வெயில் அதிகம். தண்ணீர் நிறையக் குடி.

அண்ணி


16 ஜூன்

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் நலம் என்று வரிசையாக எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்குத்தான் நலமில்லை.

விளக்கு வசனத்தைச் சொன்னேன். கூட்டம் சிரித்தது. நெருப்பு என்று முடிப்பதற்குள் கொட்டாவி விட ஆரம்பித்துவிட்டார்கள். இறங்கி வந்ததும் மருமகள் கேட்டாள்: "அக்கா, இதை உங்க அம்மாவா சொன்னாங்க? இது பள்ளிக்கூட ஆண்டு விழால சொல்ற மாதிரி இருக்கு."

சரிதான். இது அம்மா இல்லை. அம்மா ஒரு வாக்கியத்தையும் முடிக்கமாட்டாள். பாதியில் விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போவாள், மீதியை நாம்தான் ராத்திரி முழுக்க முடித்துக்கொண்டிருப்போம். நீங்களே உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள். ஏன்?

முழங்காலைப் படம் எடுத்தார்கள். ஓடலாம், தூக்கலாம், விழலாமாம். உயரத்திலிருந்து குதிப்பது மட்டும் அடுத்த வருடம் இருக்காது என்றார் மருத்துவர். "இப்ப குதிக்கிறீங்களா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். "அப்ப உங்களுக்கு நஷ்டமில்லை" என்றார்.

அவரை அங்கேயே காது திருகியிருக்கவேண்டும்.

வீட்டில் என்ன நடந்தது? மழுப்பாமல் எழுதுங்கள். கோபித்துக்கொள்ள எனக்குத் தெம்பில்லை.

நாத்தனார்


8 ஜூலை

அன்பு நாத்தனாருக்கு,

முழங்கால் பற்றிப் படித்தேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. வீட்டில் மூன்று பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதை நலம் என்று எடுத்துக்கொள்.

அத்தை என்னோடு பேசி மூன்று மாதமாகிறது.

மார்ச்சில் எனக்கு வந்தது காய்ச்சல் இல்லை. மூன்றாவது மாதம், கரு நிற்கவில்லை. உன் அண்ணனுக்கும் அத்தைக்கும் மட்டும் தெரியும். யாரிடமும் சொல்லவேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அப்படியே நின்றேன். பால் பொங்கி வழிந்தது. அத்தை வந்து பாத்திரத்தை இறக்கினார். திரும்பாமல் சொன்னார்: "அழுதுட்டே நின்னா அடுப்பு தானா அணைஞ்சிடாது. தள்ளு. போய்ப் படு. இனிமே கூப்பிட்டாலும் வராத, நான் பாத்துக்கறேன்."

உனக்கு முதல் பாதியை மட்டும் எழுதினேன். மீதியை எழுதினால் மார்ச்சை எழுதவேண்டியிருக்கும். அந்தப் பாதி மட்டும் வேடிக்கையாகத்தான் இருந்தது. எனக்கே சிரிப்பு வந்தது. அதனால்தான் அனுப்பினேன் என்று நினைக்கிறேன்.

அத்தை சனிக்கிழமைகளில் கீழ்வீட்டுக்குப் போவது உன்னைப் பார்க்கத்தான். தையல்காரம்மா இப்போதுதான் சொன்னார். "முதல் வாரத்துலேர்ந்து பாக்குறாங்க. தூசி பாத்தப்ப விழுந்து விழுந்து சிரிச்சாங்க. 'என்னைத்தான் பண்றா கழுதை, அப்படியே பண்றா'ன்னு எங்கிட்ட ஒரே பெருமை." முடி முடிவதைப் பார்த்துவிட்டு, நேராக இருக்கிறதா என்று தன் முடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாராம்.

அடுப்பு வசனம் வந்த அன்று எழுந்து நின்றாராம்.

மேலே வந்தார். அடுப்படி வாசலில் நின்று என்னைப் பார்த்தார். மார்ச்சில் அந்த வரியை அவர் சொன்னபோது அங்கே இருந்தது நாங்கள் இருவர் மட்டும், உனக்கு எழுதியது யார் என்று கேட்கவேண்டியதில்லை. "நான் எதுவும் சொல்லலை" என்றுகூடச் சொல்லவில்லை. உண்மையிலேயே எதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து உப்பு வேண்டுமென்றால் எழுந்து போய் எடுத்துக்கொள்கிறார். துடைப்பத்தைப் பார்ப்பதில்லை. தூசி கிடக்கிறது. நான் வேண்டுமென்றே விட்டுப் பார்த்தேன். அதன்மேல் நடந்து போகிறார்.

திட்டுகிறவரோடு இருக்க எனக்குத் தெரியும். இவரோடு எப்படி இருப்பது என்று தெரியவில்லை.

உன்மேல் தப்பு இல்லை. ஆனால் வசனம் கேட்காதே. இங்கே எதுவும் இல்லை.

அண்ணி


4 ஆகஸ்ட்

அன்புள்ள அண்ணிக்கு,

இவ்வளவு நாள் எழுத முடியவில்லை. நாலு முறை தொடங்கினேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இந்த முறை பொய் சொல்லாமல் எழுதுங்கள். எனக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை. அடுத்த வசனம் கேட்டிருப்பேனோ என்னவோ.

அந்த வரியை நிறுத்தப் பார்த்தேன். கதைக்காரரிடம், "இது என் அண்ணியுடையது, வேண்டாம்" என்றேன். "இது மக்களோடது" என்றார். போன சனிக்கிழமை சொல்லாமல் வாயை மூடி நின்றேன். நான் நிற்பதைப் பார்த்துவிட்டுக் கூட்டமே சொன்னது. மூவாயிரம் பேர், ஒரே குரல், குழந்தைகள் உட்பட. மருமகள் முகத்தை மூடி அழுதாள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

பதினெட்டாம் தேதி கடைசி ஆட்டம். நான் தோற்கவேண்டும். என் காதைத் திருகி அவள் ஜெயிப்பாள். நேரலை.

அன்று பல்டி அடிக்கப்போகிறேன். யாரிடமும் சொல்லவில்லை. விரல் அம்மாவுடையது, முடி அம்மாவுடையது, பேச்சு அம்மாவுடையது, ஒன்று உங்களுடையது. எனக்கென்று இது ஒன்றுதான் இருக்கிறது. முழங்கால் இருக்கும்போதே, ஆள் இருக்கும் மண்டபத்தில், ஒரு முறை. ஒரே ஒரு முறை எனக்காகக் கை தட்டுவதைக் கேட்கவேண்டும்.

அம்மாவைக் கீழ்வீட்டுக்குப் போகவிடுங்கள். முடிந்தால் நீங்களும் போங்கள்.

நாத்தனார்


20 ஆகஸ்ட்

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் சுகம் என்று எண்ணுகிறேன். நான் உயிரோடு இருக்கிறேன். முழங்காலில் பனிக்கட்டி.

பார்த்தீர்களா என்று தெரியாது. டி.வி.யில் எப்படி இருந்தது என்றும் தெரியாது. எனக்கு எப்படி இருந்தது என்று எழுதுகிறேன்.

காதைப் பிடித்து இழுத்துப் போகும்போது அவளிடம் சொன்னேன். "மூலைக்குப் பக்கத்துல விழு. மல்லாந்து. நான் மேல போறேன்."

"அக்கா, வேணாம். அவரு கொன்னுடுவாரு."

"கையை மட்டும் தூக்கு."

"காலு?"

"அது என் பாடு. விழுடி."

விழுந்தாள். சரியான தூரம், காலையில் விழுகிற அதே தூரம். சாவிக்கொத்தை அவிழ்த்து நடுவரிடம் கொடுத்தேன். நைட்டியைக் கழற்றினேன், உள்ளே பயிற்சி உடை. முதல் கயிறு, இரண்டாவது, கம்பத்தின் உச்சி. கூட்டத்தைப் பார்த்து நின்றேன். மண்டபம் அமைதியானது. அந்த அமைதி எனக்கே எனக்கு என்று நினைத்தேன்.

குதித்தேன். அண்ணி, அது சுத்தமாக வந்தது. பயிற்சியில்கூட அப்படி வந்ததில்லை. மேலே விளக்குகள் ஒரு வட்டம் சுற்றின, கால் நேராக நின்றது, அவள் கை என் தோளை வாங்கிக்கொண்டது. வலிக்கவே இல்லை.

கூச்சலிட்டார்கள்.

ஆரம்பத்தில் புரியவில்லை. காது அடைத்திருக்கிறது என்று நினைத்தேன். இல்லை. இதுவரை கேட்டதிலேயே பெரிய கூச்சல் அது. "பாவி, பிள்ளைமேல குதிக்கிறாளே!" என்று ஒரு பெண் கத்தினாள். மாமியார் புதிதாக ஒரு கொடுமை கண்டுபிடித்துவிட்டாள், அவ்வளவுதான். பல்டியை யாரும் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

நடுவர் மூன்று எண்ணி அவள் தோற்றதாகச் சொல்வதற்குள் தோளைத் தூக்கினாள். எழுந்தாள். என் காதைப் பிடித்தாள். திருகும்போது காதருகே, "அக்கா, அழாதீங்க, கேமரா இருக்கு" என்றாள். தோற்றேன். அவளுக்குக் கைதட்டினார்கள்.

கதைக்காரர் வாசலில் நின்றார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"இதை ஏன்மா ஒளிச்சு வச்ச? மாமியா பறந்து வந்து அடிக்கிறா! இன்னும் ஒரு வருஷம் ஓடும்."

"நீங்கதானே வேண்டாம்னீங்க?"

"கைதட்டுவாங்கன்னு நினைச்சேன்" என்றார்.

இனி வாராவாரம் பல்டி அடிக்கச் சொல்கிறார். முழங்கால் எவ்வளவு நாள் தாங்குமோ அவ்வளவு நாள்.

அறையில் உட்கார்ந்திருக்கிறேன். வேறு ஒன்றும் எழுதுவதற்கில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாத்தனார்


2 செப்டம்பர்

அன்பு நாத்தனாருக்கு,

நான் தேறிவிட்டேன். இது பொய்யில்லை. உன் அண்ணனுக்கு இடுப்பில் பட்டை கட்டியிருக்கிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று ஒருவர் கேட்கச் சொன்னார்.

பதினெட்டாம் தேதி நானும் கீழ்வீட்டுக்குப் போனேன். தையல் இயந்திரத்துக்கும் துணிமூட்டைக்கும் நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். தையல்காரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சத்தத்தைக் கூட்டினார்.

நீ கம்பத்தின்மேல் ஏறியதும் அத்தை, "எதுக்கு ஏறுறா? எதுக்கு இவ அங்க ஏறுறா?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

நீ திரும்பி விழுந்தாய். அது என்ன என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. நீ எழுதியதைவிட அழகாக இருந்தது.

பிறகு கூச்சல். அத்தை எழுந்துவிட்டார். டி.வி. பெட்டியை நோக்கி இரண்டு கையையும் நீட்டி, "கண்ணு இருக்காடா உங்களுக்கு? என் பொண்ணு எங்கேர்ந்து எங்க வந்து இறங்குறா, இதுக்குமாடா கத்துவீங்க? அறிவுகெட்ட கூட்டம்! காசு குடுத்து உக்காந்துட்டா போதுமா?" என்றார். தையல்காரம்மா, "உக்காருங்க, உக்காருங்க" என்றார். அத்தை உட்காரவில்லை. சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"நீ என்னடி வாயைப் பொளந்து பாத்துட்டு உக்காந்திருக்க? கையைத் தட்டேன்!"

தட்டினேன். தையல்காரம்மா தட்டினார், ஊசி குத்தாமல் விரலில் மாட்டிய அங்குஸ்தானோடு. அத்தையும் தட்டினார். அவருக்குத் தட்டத் தெரியவில்லை, மாவு தட்டுவதுபோல் தட்டினார். நீ தோற்று முடிந்து விளம்பரம் வந்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தோம். உனக்குக் கேட்டிருக்காது. கேட்காது என்று தெரிந்துதான் எனக்கு எரிச்சலாக இருந்தது, இன்னும் பலமாகத் தட்டினேன்.

மேலே வரும்போது படியில் நின்று, "நாலு மாசமா வீட்டைப் பாரு, தூசி. மனுஷங்க இருக்கற வீடா இது?" என்றார். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "இப்ப எதுக்கு அழற?" என்றார். பதில் சொல்வதற்குள் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

அந்த வரிக்காக என்னை மன்னித்துவிட்டாரா என்று தெரியாது. கேட்கவில்லை. அவரும் சொல்லமாட்டார்.

இந்த இரண்டு வாரத்தில் அத்தை நிறையப் பேசியிருக்கிறார். என்னைப் பற்றி, துடைப்பத்தைப் பற்றி, உன் முழங்காலைப் பற்றி, உன் கதைக்காரரைப் பற்றி. சில மிகவும் நன்றாக இருந்தன. மண்டபமே எழுந்து நிற்கும்.

ஒன்றையும் உனக்கு எழுதமாட்டேன். வேண்டுமென்றால் நேரில் வந்து வாங்கிக்கொள்.

அன்புடன்
அண்ணி